அடிக்காத டியூஷன், மதுரை புதூர் பக்கம் – 5க்கு 4 ஸ்டார்

இந்த டியூஷனுக்கு ஒரு ஸ்டார் ரெண்டு ஸ்டார் குடுத்தவங்க எழுதுனதெல்லாம் படிச்சேன். கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே விஷயத்தத்தான் சொல்லிருக்காங்க, மிஸ் நல்லாத்தான் நடத்துறாங்க ஆனா கண்டிப்பு பத்தல, பசங்களுக்கு பயம் இல்ல, ஒரு அடி கூட வைக்க மாட்டேங்கிறாங்க அப்புறம் எப்படி படிக்கும்னு. நான் என் ரெண்டு பிள்ளைங்களையும் (பொண்ணு எட்டாவது, பையன் அஞ்சாவது) இங்க சேர்த்ததே அந்த ஒரு காரணத்துக்காகத்தான், இங்க கை ஓங்க மாட்டாங்கன்னு தெரிஞ்சு தேடி வந்து சேர்த்தேன், அதனால இதப்பத்தி கொஞ்சம் விரிவாவே எழுதுறேன், புதுசா சேர்க்கப்போறவங்களுக்கு உபயோகமா இருக்கும்.

முதல்ல பொதுவான விஷயம் சொல்லிடுறேன். ஒரு வீட்டோட மாடியில நடக்குது, ஒண்ணுலேர்ந்து எட்டாவது வரைக்கும் எல்லா பாடமும், ஒன்பதாவது பத்தாவதுக்கு மேத்ஸ் மட்டும். சாயங்காலம் ரெண்டு பேட்ச், ஃபீஸ் சின்ன கிளாஸுக்கு 800, எட்டாவதுக்கு 1200, இந்த ஏரியாவுக்கு நியாயமான ரேட்தான். மிஸ் முன்னாடி ஸ்கூல்ல வேலை பாத்தவங்க, கூட ரெண்டு காலேஜ் படிக்கிற பொண்ணுங்க ஹெல்ப்புக்கு இருக்காங்க. ஃபேன் இருக்கு, கரண்ட் போனா இன்வெர்ட்டர் இருக்கு.

இதுக்கு முன்னாடி பையன் வேற ஒரு டியூஷன் போனான், பேரு வேணாம். அங்க மரஸ்கேல் உண்டு. தப்பு ஒண்ணுக்கு கையில ஒண்ணு, வீட்டுப்பாடம் எழுதலேன்னா முட்டி போடணும். சேக்கும்போதே நம்ம ஊர்ல எல்லா பெத்தவங்களும் சொல்ற டயலாக் ஒண்ணு இருக்கே, "கண்ணு ரெண்டையும் மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிருங்க சார்"னு, அத எனக்கு முன்னாடி நின்னவரு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டு போனாரு, அவரு பையன் பக்கத்துலயே நின்னுக்கிட்டு தரையப் பாத்தான். நான் அப்படி எதுவும் சொல்லல, அடிக்காதீங்கன்னுதான் சொன்னேன், அவங்களும் சரின்னாங்க. கொஞ்ச நாள்லயே இவன் மேத்ஸ் நோட்ட என்கிட்ட காட்டுறது நின்னுபோச்சு. கேட்டா ஸ்கூல்லயே இருக்கும்பான், டியூஷன்ல வெச்சுட்டேம்பான். ஒருநாள் மெத்தைய தூக்கி வெயில்ல போட எடுக்குறேன், அடியில ரெண்டு டெஸ்ட் பேப்பர் நாலா மடிச்சு வெச்சிருக்கான், ஒரு பேப்பர்ல என் கையெழுத்த அவனே போட்டு பழகிப் பாத்திருக்கான். பத்து வயசுகூட அப்ப ஆகல. நோட்ட தேடி எடுத்துப் பாத்தா ஒரு தப்புகூட இல்ல, எல்லாம் சரியா இருக்கு, ஆனா ஒவ்வொரு கணக்கும் ரப்பர் போட்டு அழிச்சு அழிச்சு பேப்பரே கிழிஞ்சு பக்கத்துல இருக்குற பையனப் பாத்து எழுதுனது. வெறும் பேப்பர்ல அதே கணக்க போடச்சொன்னா தெரியல.

அங்க அவன் கத்துக்கிட்டது கணக்கு இல்ல, தப்ப மறைக்க கத்துக்கிட்டான். இதுதான் நான் இந்த ரிவ்யூல சொல்ல நினைக்கிற விஷயமே. அடி வாங்குற பிள்ளைக்கு அந்த நேரத்துல மூளையில ஓடுறது "எங்க தப்பு பண்ணோம்"ங்கிறது இல்ல, "எப்படி தப்பிக்கிறது"ங்கிறதுதான். தப்பு வெளிய தெரிஞ்சாத்தான டீச்சரால திருத்த முடியும், தெரியவே தெரியாதுன்னா எந்த பெரிய டீச்சரா இருந்தும் என்ன பண்ண முடியும்?

இப்ப இந்த சென்டருக்கு வாங்க. இங்க முதல் ரூல் என்னன்னா மேத்ஸ் நோட்டுல ரப்பர் கூடாது. தப்பா போட்டா மேல ஒரே ஒரு கோடு போட்டுட்டு கீழ திரும்ப போடணும், தப்பு கண்ணுக்குத் தெரியணும். சேத்த புதுசுல நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன் (மிஸ் நிக்க விடுறாங்க, அதுவே பெரிய விஷயம், நிறைய இடத்துல கதவ சாத்திருவாங்க). இவன் அரையும் மூணுல ஒண்ணும் கூட்டுனா அஞ்சுல ரெண்டுன்னு போட்டு வெச்சிருக்கான், மேல இருக்குறத மேல இருக்குறதோட, கீழ இருக்குறத கீழ இருக்குறதோட கூட்டிட்டான், பிள்ளைங்க எல்லாம் பண்ற தப்புதான். நோட்ட நீட்டும்போதே வலது கைய பின்னாடி கொண்டு போறான், பழைய பழக்கம். மிஸ் அத கவனிச்சாங்க ஆனா ஒண்ணும் சொல்லல. "தம்பி, காலையில அரை தோசை தின்ன, அப்புறம் அம்மா இன்னும் மூணுல ஒரு பங்கு போட்டாங்க, இப்ப வயித்துக்குள்ள அரை தோசைக்கு மேல இருக்கா கீழ இருக்கா?"ன்னு கேட்டாங்க. மேலன்னான். "சரி, நீ போட்ட அஞ்சுல ரெண்டு அரைக்கு மேலயா கீழயா?" கொஞ்ச நேரம் முழிச்சான், விரல விட்டு எண்ணுனான், அப்புறம் அவனே "கீழ மிஸ்... அப்ப தப்பு"ன்னான். ஒரு பேப்பர குடுத்து ஆறா மடிக்க சொன்னாங்க, அரைன்னா மூணு கட்டம், மூணுல ஒண்ணுன்னா ரெண்டு கட்டம், மொத்தம் அஞ்சு, ஆறுல அஞ்சு. அவ்வளவுதான், அஞ்சு நிமிஷம் கூட ஆகிருக்காது. பழைய இடத்துல அந்த தப்புக்கு ஒரு அடி விழுந்திருக்கும், ஆனா ஏன் தப்புன்னு கடைசி வரைக்கும் அவனுக்குத் தெரிஞ்சிருக்காது.

சரி சேட்ட பண்றவன என்ன பண்றாங்க, அதானே எல்லாரும் கேக்குறது. இங்கயும் சேட்ட பண்ற பசங்க இருக்காங்க, நிறையவே இருக்காங்க. மிஸ் விட்டுட மாட்டாங்க, அடிக்க மாட்டாங்கன்னா கண்டிக்க மாட்டாங்கன்னு அர்த்தம் இல்ல, இத ஏன் எல்லாரும் ஒண்ணா போட்டு குழப்பிக்கிறாங்கன்னு தெரியல. ஒருத்தன் பெஞ்சுல காம்பஸ் வெச்சு பேரு செதுக்கிட்டான், ஞாயித்துக்கிழம அவன வரச்சொல்லி உப்புத்தாள் குடுத்து அந்த பெஞ்ச தேய்க்க வெச்சாங்க, கூட மிஸ்ஸும் உக்காந்து தேய்ச்சாங்க. பேசிக்கிட்டே இருக்கிற ரெண்டு பேர பிரிச்சு ஒருத்தன தன் பக்கத்துல உக்கார வெச்சுக்குவாங்க. வீட்டுப்பாடம் எழுதாம வந்தா எழுதி முடிச்சிட்டுத்தான் வீட்டுக்கு, நமக்கு ஃபோன் வரும், "அம்மா ஒரு அரை மணி நேரம் கழிச்சு வாங்க"ன்னு. பெத்தவங்கள கூப்பிட்டு பேசுனாலும் பிள்ளைய வெச்சுக்கிட்டுத்தான் பேசுவாங்க, அவன வெளிய நிக்க வெச்சுட்டு பேசமாட்டாங்க. குரல ஏத்துனத நான் கேட்டிருக்கேன், கோவப்படுவாங்க, ஆனா நாயே பேயேன்னு ஒரு வார்த்த வராது.

இதுல சட்டமும் இருக்கு, பல பேருக்குத் தெரியாததுனால சொல்றேன். கல்வி உரிமைச் சட்டம் 2009, அதோட 17வது பிரிவு, பள்ளிக்கூடத்துல எந்த பிள்ளையையும் உடம்பால தண்டிக்கவும் கூடாது மனசால கொடுமைப்படுத்தவும் கூடாதுன்னு நேராவே சொல்லுது, 2010 ஏப்ரல் 1லேர்ந்து அமல்ல இருக்கு. அதுக்கு முன்னாடியே 2000 டிசம்பர்ல டெல்லி ஹைகோர்ட் அங்க ஸ்கூல் விதிகள்ல அடிக்கலாம்னு இருந்த பகுதிய ரத்து பண்ணிருச்சு. டியூஷன்தானே ஸ்கூல் இல்லியேன்னு சில பேரு சொல்றாங்க, ஆனா சிறார் நீதிச் சட்டம் 2015ல 75வது பிரிவு இருக்கு, பிள்ளைய தன் பொறுப்புல வெச்சிருக்கிற யாரு அதுக்கு தேவையில்லாத உடல் வேதனையோ மன வேதனையோ வர்ற மாதிரி கொடுமைப்படுத்துனாலும் மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லேன்னா ஒரு லட்சம் ரூபா அபராதம், ரெண்டும் சேர்த்துக்கூட கிடைக்கும். டியூஷன்காரங்களுக்கும் அது பொருந்தும். முட்டி போட வைக்கிறது, பெஞ்சு மேல நிக்க வைக்கிறது, பட்டப்பேர் வெச்சு அசிங்கப்படுத்துறது இதெல்லாம்கூட தேசிய குழந்தைகள் உரிமை பாதுகாப்பு ஆணையத்தோட வழிகாட்டுதல்ல தண்டனைன்னுதான் வருது, அடிச்சாத்தான் தப்புன்னு இல்ல. 2024ல மெட்ராஸ் ஹைகோர்ட்டும் அந்த வழிகாட்டுதல நம்ம மாநிலத்துல ஒழுங்கா அமல்படுத்தச் சொல்லிருச்சு. அவசரம்னா 1098, ஸ்கூல் சம்பந்தமான புகார்னா 14417, ரெண்டு நம்பரையும் ஃபோன்ல சேவ் பண்ணி வெச்சுக்கங்க.

சட்டம் இருந்தும் நடக்குது, அதுவும் உண்மை. மத்திய அரசே 2007ல 13 மாநிலத்துல எடுத்த ஆய்வுல ஸ்கூல் போற பிள்ளைங்கள்ல மூணுல ரெண்டு பேரு அடி வாங்குறோம்னு சொல்லிருக்காங்க. ஏன் நிக்கலேன்னா நாமளே கேட்டு வாங்கிக் குடுக்குறோம், அதான். எங்க அபார்ட்மென்ட் குரூப்ல இதப்பத்தி பேச்சு வந்தப்ப ஆளாளுக்கு "நாங்கெல்லாம் அடி வாங்கித்தான் படிச்சோம், நல்லாத்தானே இருக்கோம்"னு போட்டாங்க. எங்க அப்பத்தா இன்னும் ஒரு படி மேல, திண்ணைப் பள்ளிக்கூடத்துல கோதண்டம் போட்ட கதையெல்லாம் சொல்லும், கயித்துல பிள்ளைய தொங்க விடுறது, அத பெருமையாவே சொல்லும், அடியாத மாடு படியாதுன்னு முடிக்கும். எனக்கு அப்பத்தா மேல மரியாத உண்டு, ஆனா இந்த வாதத்துல ஒரு பெரிய ஓட்ட இருக்கு. அடி வாங்கியும் படிச்சு வேலைக்குப் போனவங்க மட்டும்தான் அந்த குரூப்ல உக்காந்து நல்லா இருக்கோம்னு சொல்ல முடியுது. என்கூட ஆறாவதுல படிச்ச ஒரு பொண்ணு இங்கிலீஷ் பீரியட்ல வெளக்குமாத்துக் குச்சியால அடி வாங்கி வாங்கி முழு பரீட்சை லீவுக்கு அப்புறம் ஸ்கூலுக்கே வரல, அவ அந்த குரூப்ல இல்ல, அவகிட்ட யாரும் கேக்கவும் இல்ல. அப்புறம் நாம படிச்சது அடியாலயா, இல்ல வீட்டுல கஷ்டம் தெரிஞ்சு, நல்ல வாத்தியார் ஒருத்தர் கிடைச்சுப் படிச்சோமான்னு யோசிச்சுப் பாக்கணும். எனக்கு மறக்க முடியாத வாத்தியார்னு நினைச்சா ஞாபகம் வர்றவரு கையில குச்சியே வெச்சிருக்க மாட்டாரு.

ஆராய்ச்சியும் இருக்கு. எலிசபெத் கெர்ஷாஃப்னு டெக்சாஸ் யுனிவர்சிட்டி பேராசிரியர், இன்னொருத்தரோட சேர்ந்து 50 வருஷ ஆராய்ச்சிகள எல்லாம் ஒண்ணா வெச்சுப் பாத்து 2016ல வெளியிட்டாங்க, மொத்தம் 1,60,000 பிள்ளைங்களுக்கு மேல. கையால பின்னாடி ரெண்டு போடுறோமே அந்த சாதாரண அடிய மட்டும் தனியா எடுத்துப் பாத்தே, அடி வாங்குற பிள்ளைங்க பெத்தவங்க பேச்ச மீறுறதும் முரட்டுத்தனமும் மனக்கஷ்டமும் அதிகமாத்தான் இருக்குன்னு சொன்னாங்க. இதுக்கு எதிர்ப்பும் உண்டு, அதையும் சொல்லணும். சேட்ட பண்ற பிள்ளைதான் அதிகம் அடி வாங்கும், அதனால அடியாலதான் இப்படி ஆச்சுன்னு எப்படி சொல்லலாம்னு கேக்குறாங்க, நியாயமான கேள்விதான். ராபர்ட் லார்சலேர்னு ஒரு ஆராய்ச்சியாளர் முழுசா தடை பண்றத ஒத்துக்கல, ஆனா அவரு ஆதரிக்கிறதே ரெண்டுலேர்ந்து ஆறு வயசு பிள்ளைக்கு, மத்த எல்லாம் செஞ்சு பாத்தும் கேக்கலேன்னா, நிதானம் இழக்காம வெறுங்கையால லேசா ரெண்டு தட்டு, அதுவும் பெத்தவங்க. அடிக்கலாம்னு சொல்ற தரப்புலயே நின்னு பேசுற ஆளு சொல்றதே இவ்வளவுதான். பின்னத்துல தப்பு பண்ணதுக்கு மூணாம் மனுஷன் மரஸ்கேலால அடிக்கிறதுக்கு அங்கயும் இடம் இல்ல. இத நான் குரூப்ல போட்டதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லல, குட் மார்னிங் மெசேஜ்தான் வந்துச்சு.

வீட்டுக்குள்ள அடிக்கிற விஷயம் வேற, நம்ம நாட்டுல அதுக்கு தடை இல்ல. ஸ்வீடன் 1979லயே பெத்தவங்களும் அடிக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டுருச்சு, உலகத்துலயே முதல் நாடு, இன்னிக்கு அறுபதுக்கு மேல நாடுங்க அப்படி இருக்கு, பக்கத்துல நேபாளம் 2018லயே போட்டுட்டாங்க, ஜப்பான்ல 2020லேர்ந்து. நம்ம ஊர்ல அது வர்றதுக்கு காலம் ஆகும். என் வீட்டுக்காரர்கூட இதுல என்னோட முழுசா ஒத்துப்போகல, "வெளியாள் அடிக்கக்கூடாது, ஆனா அப்பன் ஒண்ணு வெச்சா தப்பில்ல"ம்பாரு. எங்களுக்குள்ள இன்னும் இது முடியாத பேச்சாத்தான் இருக்கு. ஆனா பேப்பர் மெத்தைக்கு அடியில போனத அவரும் பாத்தாரு, டியூஷன மாத்தலாம்னு முதல்ல சொன்னதே அவருதான்.

டீச்சருங்க பக்கமும் கொஞ்சம் பேசணும், ஏன்னா பழிய எல்லாம் அவங்க தலையில போடுறது எனக்குப் பிடிக்கல. சட்டப்படி அஞ்சாவது வரைக்கும் 30 பிள்ளைக்கு ஒரு டீச்சர், ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும் 35 பேருக்கு ஒருத்தர். பல இடத்துல நெலம அப்படியா இருக்கு? 55, 60 பிள்ளைங்கள ஒரே ரூம்ல அடைச்சு வெச்சுட்டு, போர்ஷனையும் முடிக்கணும், ஆயிரத்தெட்டு ரெஜிஸ்டரும் எழுதணும்னா அவங்க கையில குச்சி வந்துருது. அடிக்காதேன்னு மட்டும் சொல்லிட்டு, அடிக்காம எப்படி வகுப்ப நடத்துறதுன்னு யாரும் உக்காந்து சொல்லிக் குடுக்கல. இந்த மிஸ்ஸால முடியுதுன்னா ஒரு காரணம் ஒரு பேட்ச்ல பதினஞ்சு பதினாறு பேருக்கு மேல எடுக்க மாட்டாங்க. நான் கேட்டேன் எப்படி மிஸ் கோவம் வராம இருக்கீங்கன்னு. "வராம என்னம்மா, வரும். வந்தா எந்திரிச்சு தண்ணி குடிக்க போயிருவேன். ஒரு தடவ அடிச்சுட்டா மறுநாள் ரெண்டு அடி அடிச்சாத்தான் கேப்பான், அப்புறம் அதுக்கு எங்க போய் நிப்பாட்டுறது"ன்னாங்க.

குறையும் இருக்கு, இல்லாம இல்ல. வேகம் கம்மி. ஸ்கூல் டெஸ்டுக்கு முந்துன நாள் போர்ஷன் முடிஞ்சிருக்காது, பிள்ளைக்குப் புரியுற வரைக்கும் அடுத்த கணக்குக்கு போகமாட்டாங்க, அதனால ரெண்டு மூணு டெஸ்ட்ல பையன் மார்க் பழைய டியூஷன்ல இருந்தத விட குறைஞ்சுதான் வந்துச்சு. மார்க் மட்டும்தான் உடனே வேணும்னா இது உங்களுக்கு சரிப்படாது. எனக்கு அது பரவால்ல, ஏன்னா இப்ப வர்ற 61 அவனோட 61, முன்னாடி வந்த 78ல பக்கத்து பையனோடது எவ்வளவுன்னே தெரியாது. பொண்ணுக்கு மேத்ஸ் நல்லா போகுது, ஆனா சயின்ஸ் அவ்வளவு சொல்ற மாதிரி இல்ல, எட்டாவதுக்கு சயின்ஸுக்காக மட்டும் சேர்க்கிறதா இருந்தா வேற பாருங்க. ஹெல்ப்புக்கு இருக்குற ரெண்டு பேர்ல ஒரு பொண்ணு ஒருநாள் என் பையன்கிட்ட "உங்க அக்கா எவ்வளவு நல்லா படிக்கிறா, நீ ஏன் இப்படி மக்கா இருக்க"ன்னு சொல்லிருச்சு, வீட்டுக்கு வந்து சாப்பிடல. கை வெக்கலேன்னாலும் இதுவும் அடிதான். மறுநாள் மிஸ்கிட்ட சொன்னேன், சமாளிக்கல, "என் தப்பும்மா, நான் அவங்களுக்கு சொல்லிக் குடுத்திருக்கணும்"னாங்க, அந்த பொண்ணும் அவன்கிட்ட தனியா வந்து பேசிருக்கு. அதுக்கப்புறம் அப்படி எதுவும் காதுல விழல. ஆனாலும் ஆறரை மணி பேட்ச்ல மிஸ் பெரிய பிள்ளைங்களப் பாக்குற நேரம் சின்னதுங்க அந்த ரெண்டு பேரு கையிலதான், அங்க இன்னும் கொஞ்சம் கவனம் வேணும், அதுக்குத்தான் ஒரு ஸ்டார் குறைச்சேன்.

மத்தபடி சேர்க்கலாமான்னு கேட்டா தாராளமா சேருங்க. சேர்க்கிறதுக்கு முன்னாடி ஒருநாள் வாசல்ல நின்னு பாருங்க, பிள்ளைங்க நோட்ட நீட்டும்போது எப்படி நீட்டுதுன்னு பாருங்க, மார்க் ஷீட்ட விட அது அதிகம் சொல்லும். என் பையன் இப்பெல்லாம் தப்பு போட்ட பக்கத்தத்தான் முதல்ல எடுத்துக் காட்டுறான், "இது எனக்கு வரலம்மா"ன்னு. வண்டி நிறுத்த இடம் கிடையாது, தெரு முக்குல நிறுத்திட்டு நடந்து வரணும். மிஸ் இத படிச்சீங்கன்னா, கீழ இருக்கிற பாத்ரூம் தாழ்ப்பாள மட்டும் இந்த வாரமே மாத்திருங்க, பொண்ணுங்க ஒருத்திய வெளிய காவலுக்கு நிக்க வெச்சுட்டுத்தான் உள்ள போறாங்க.